கட்டடம் திறந்தாயிற்று, அடுத்த ஆண்டு புத்தகம் வாங்கப் பணம் இருக்கிறதா?

ஒரு பொது நூலகம் இருபது ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்குமா என்று தெரிந்துகொள்ள அதன் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. வரவு செலவுக் கணக்கில் 'நூல் கொள்முதல்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். அந்த வரியில் ஆண்டுதோறும் தொகை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? பல நாடுகள் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றன.

பிரிட்டன் 1850-இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள்தொகை 10,000-க்கு மேற்பட்ட நகரங்கள், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி நூலக வரி போடலாம். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் வாங்க மட்டும் அனுமதி இல்லை! நன்கொடையாக வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். 1852-இல் மான்செஸ்டர் தன் நூலகத்தைத் திறந்தபோது பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் அடுக்குகளை நிரப்ப வேண்டியிருந்தது. 1855-இல் சட்டத்தைத் திருத்தி வரியை ஒரு பென்னியாக உயர்த்தி, புத்தகம் வாங்கவும் இடம் கொடுத்தார்கள். நன்கொடையை நம்பும் நூலகத்தில் இன்றும் இதே சிக்கல்தான். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த புத்தகங்கள் வந்து குவியும், வாசகர் கேட்டு வரும் புத்தகம் இருக்காது.

அமெரிக்காவின் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இடத்தை ஊர் தர வேண்டும், கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். அப்படியும் வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்ட ஊர்கள் உண்டு. பொருளியல் அறிஞர் ஆல்வின் ஜான்சன் இந்த நூலகங்களை நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை, கட்டடம் இருந்தும் பயிற்சி பெற்ற நூலகர் இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டியது. புதிய கட்டடக் கொடை 1917-இல் நின்றது.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? இஃப்லா எனப்படும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பின் வழிகாட்டி நெறிகள் இதற்குக் கணக்குத் தருகின்றன. நூல் இருப்பு தலைக்கு 1.5 முதல் 2.5 வரை. மக்கள்தொகை 25,000-க்குக் குறைந்த ஊரில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 250 புதிய நூல்கள், 50,000-ஐத் தாண்டிய ஊரில் 200. பணியாளர் 2,500 பேருக்கு ஒருவர். 20,000 பேர் உள்ள ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பு ஏறக்குறைய 40,000, ஆண்டுக்கு 5,000 புதிய நூல், எட்டுப் பணியாளர்கள். அதாவது எட்டு ஆண்டில் அடுக்கு முழுவதும் புதிதாகிவிட வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் உட்பொருள். இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராத நூலகங்கள்தாம் உலகில் பெரும்பான்மை. ஆனாலும் இலக்கு தெரிந்தால்தான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது புரியும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிப்பதே அதன் முதுகெலும்பு. அரசின் தயவை எதிர்பார்க்காத வருமானம் என்பது இதன் பெரும்பலம். சொத்து மதிப்பு குறைந்த ஊர்ப்புறத்தில் வரியும் குறைவு என்பது பலவீனம். வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்பு பணத்தை, நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் கட்டாவிட்டால், ஏட்டில் நிதி இருக்கும், கையில் இருக்காது. அப்போது சம்பளமும் மின்கட்டணமும் தவிர்க்க முடியாதவை என்பதால் முதல் வெட்டு நூல் கொள்முதலில்தான் விழும். பிரிட்டனின் 1964 சட்டம் விரிவான, திறமையான நூலகச் சேவையை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது, ஆனால் எவ்வளவு என்று எண் எதையும் சொல்லவில்லை. 2010-க்குப் பின் நூற்றுக்கணக்கான நூலகங்கள் அங்கே மூடப்பட்டபோது இந்த ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. ஜப்பானின் 1950 நூலகச் சட்டம் கட்டண விஷயத்திலாவது தெளிவானது. பொது நூலகம் நுழைவுக்கோ நூலைப் பயன்படுத்துவதற்கோ கட்டணம் வாங்கக் கூடாது என்று 17-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

பணம் வந்து புத்தகமும் வாங்கிய பிறகு அதைப் பூட்டி வைத்தால்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாசகர் அடுக்குக்குள் போக முடியாது. ஒவ்வொரு நூலுக்கும் எண்ணிட்ட சிறு வில்லை கொண்ட பலகை ஒன்று இருக்கும். வில்லையின் ஒரு நிறம் நூல் உள்ளே இருப்பதைக் காட்டும், மறு நிறம் வெளியே போயிருப்பதைக் காட்டும். எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். 1894-இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் இந்தப் பலகையை ஒழித்தார். உள்ளே வரவும் வெளியே போகவும் பணியாளர் மேசையை ஒட்டித் தனித்தனி வாயில் வைத்து, அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார்.

இன்றும் பல நூலகங்களில் கண்ணாடி பீரோவில் சாவி தொங்குவதற்கு நூலகரின் மனப்பான்மை முழுக் காரணம் ஆகாது. தொலைந்த நூலுக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சமே காரணம். இந்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இதற்கு இடம் விட்டிருக்கின்றன. ஓர் ஆண்டில் இரவல் போன, பார்வைக்கு எடுத்த 1,000 தொகுதிகளுக்கு 5 தொகுதி தொலைவது இயல்பு, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மத்திய அரசு நூலகங்களுக்கான விதிதான் இது. ஆனாலும் இப்படி ஓர் எழுத்துபூர்வ வரம்பு எந்த நாட்டு நூலகத்துக்கும் வேண்டும். அது இல்லாமல் 'அடுக்கைத் திற' என்று நூலகரிடம் சொல்வது நியாயமில்லை.

அடுத்து, பலரும் பேசத் தயங்கும் வேலை: நூல்களை நீக்குவது. அடுக்கில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நிரம்பினால் புத்தகத்தை உருவி எடுப்பதே சிரமம், முதுகுக்கட்டு கிழியும், புது வரவு கண்ணில் படாது. மூன்று ஆண்டாக யாரும் எடுக்காதவை, சட்டம் மாறிப்போனவை, காலாவதியான மருத்துவ நூல்கள், பழைய பாடத்திட்டத்துத் தேர்வுக் கையேடுகள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துக் நூலகக் குழுவின் ஒப்புதலோடு, நூல் வரவைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் குறித்து நீக்க வேண்டும். பழைய மருத்துவ நூல் வெறுமனே இடத்தை அடைப்பதில்லை, நம்பிப் படிப்பவருக்குத் தீங்கும் செய்யும். உள்ளூர் வரலாறு, சிற்றிதழ், கையெழுத்துப் படி, வேறெங்கும் இல்லாத ஒற்றைப் படி ஆகியவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றுக்கு இன்னொரு படி எடுத்து வேறோர் ஊரிலும் வைக்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. கட்டடத்தைப் பின்னர் மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறு படி இல்லாத ஓலைச்சுவடிகளை எந்தப் பணத்தாலும் மீட்க முடியவில்லை.

மின்னூல் வந்தால் செலவு மிச்சம் என்பது தவறான கணிப்பு. பெரும்பாலும் நூலகம் அதை வாங்குவதில்லை, உரிமத்தில் வாடகைக்கு எடுக்கிறது. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடியும் என்று விதித்தது. காலவரம்பு வைக்கும் பதிப்பகங்களும் உண்டு. ஓராண்டு நிதி நின்றால் அச்சு நூல் அடுக்கிலேயே இருக்கும், மின்னூல் மறைந்துவிடும்.

உங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டறிக்கை கிடைத்தால் நான்கு எண்களைக் கேளுங்கள்: நூலக வரியில் வசூலானது எவ்வளவு, நூலகத்தின் கைக்கு வந்தது எவ்வளவு, சென்ற ஆண்டு வாங்கிய நூல்கள் எத்தனை, நீக்கியவை எத்தனை. வாங்கியதும் நீக்கியதும் பூஜ்யமாக இருந்தால், புதுக் கட்டடத்துக்கு மனுக் கொடுப்பதற்கு முன் கொள்முதல் நிதிக்கு மனுக் கொடுங்கள்.