ஜென்ட்ரிஃபிகேஷன் – மேட்டுக்குடியாக்கம்

வசதி குறைந்தவர்கள் வாழும் பகுதிக்குக் காசுள்ளவர்கள் வந்துசேர, வாடகையும் காணி விலையும் ஏறி, யாரும் துரத்தாமலே பழைய ஆட்கள் வெளியேறிப்போவதுதான் ஜென்ட்ரிஃபிகேஷன். 'ஜென்ட்ரி' என்பது இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலவுடைமைக் குடும்பங்களைக் குறிக்கும். லண்டனில் தொழிலாளர் வீடுகளை நடுத்தர வர்க்கத்தார் வாங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், 1964இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சொல்லில் கொஞ்சம் நக்கலும் உண்டு. வந்தவர்கள் யாரும் அசல் ஜென்ட்ரி இல்லையே.

கொழும்பில் இதைப் பார்க்க வெள்ளவத்தை போதும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் முற்றம் வைத்த வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. கடலோரத்தில் ரயில் நிலையம், காலி வீதியில் 100, 101 பஸ். இப்படியொரு இடத்தில் வீடுகள் கூடுவது நல்லதுதான். ஆனால் தொடர்மாடியின் கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளையும், மாடி வீடுகளுக்குச் சமைக்க வரும் அக்காவும் மொறட்டுவை, பாணந்துறைப் பக்கமிருந்து நெரிசலில் தொங்கி வருகிறார்கள். ரயில் யாருக்குக் கட்டாயம் தேவையோ அவர்களுக்கு நிலையத்தருகே வீடு எட்டாது. அதற்காகக் கட்டாமல் விட்டால்? இருக்கிற கொஞ்ச வீட்டுக்கு விலை இன்னும் ஏறும். கட்டும்போதே ஒரு பங்கைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கச் சொல்வது பல நாட்டு நகரங்களில் நடைமுறை. இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும்.

கொழும்பின் நடுவே இருக்கும் கொம்பனித்தெருவில் நடந்ததையும் சிலர் இந்தச் சொல்லுக்குள் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட 2010இலிருந்து, அங்கே வீடுகள் இடிக்கப்பட்டு, ஆட்கள் தெமட்டகொடைப் பக்கத்து மாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கொம்பனித்தெருவோ கோட்டை வணிகப் பகுதிக்கு நடந்தே வேலைக்குப் போகக்கூடிய இடம். அவர்களை விரட்டியது வாடகை இல்லை, புல்டோசர். அதற்கு 'வெளியேற்றம்' என்ற பழைய சொல்லே சரி.

தமிழில் 'மேட்டுக்குடியேற்றம்' என்றும் சொல்லலாம், காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் குடியேற்றம் என்றதும் இலங்கைத் தமிழருக்கு, கிழக்கில் அரசு சிங்களவரைக் குடியேற்றிய கல்லோயாத் திட்டம் ஞாபகம் வரும். பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் என் தேர்வு மேட்டுக்குடியாக்கம். வெளியே போகிறவர் இதில் தெரிவதில்லை என்ற குறை உண்டு. அந்தக் குறை ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு.

வாக்கியத்தில்: 'கோட்டை–மாலபே இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்படாமல் இருந்திருந்தால், அந்தப் பாதையிலுள்ள பொரளையில் மேட்டுக்குடியாக்கம் இன்னும் வேகம் பிடித்திருக்கும்.'