ஒரே ஆள், இரண்டு கையேடுகள்: மனநோய்க்குப் பெயர் வைப்பது எப்படி?

சர்க்கரை நோயை உறுதிசெய்ய ரத்தத்தில் ஓர் எண் இருக்கிறது. மனச்சிதைவுக்கோ (ஸ்கிசோஃப்ரினியா) மனச்சோர்வுக்கோ அப்படி எதுவும் கிடையாது. மனநல மருத்துவர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவது பெரும்பாலும் மூளைக்கட்டி, தைராய்டு கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான். நோய்க்குப் பெயர் வைப்பது அறிகுறிகளையும் அவை நீடித்த காலத்தையும் கேட்டறிந்துதான். எத்தனை அறிகுறி, எவ்வளவு காலம் என்று வரையறுப்பவை இரண்டு கையேடுகள்: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. இன்று நடப்பில் இருப்பவை 2022இல் வந்த டிஎஸ்எம்-5 திருத்தப் பதிப்பும், அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11உம். பல நாடுகளில் மருத்துவமனைப் பதிவேடுகள் இன்னும் ஐசிடி-10ஐ விட்டு நகரவில்லை.

எண்ணிக்கைக் கணக்கு ஏன் வந்தது? 1960களில் நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்று சொன்ன நோயாளிகளின் விகிதம் லண்டனைவிட மிக அதிகமாக இருந்தது. இரு நகர நோயாளிகளையும் ஒரே நேர்காணல் முறையில் பரிசோதித்தபோது அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துபோனது. மாறியிருந்தது நோயாளிகள் அல்ல, மருத்துவர்களின் அளவுகோல். இந்த அனுபவமும் சேர்ந்துதான் 1980இல் வெளிவந்த டிஎஸ்எம்-3 ஒவ்வொரு நோய்க்கும் வெளிப்படையான விதிகளை எழுதியது.

மனச்சிதைவை எடுத்துக்கொள்வோம். இல்லாத குரல் கேட்பது, அசைக்க முடியாத தவறான நம்பிக்கை, கோர்வையற்ற பேச்சு போன்றவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பதில் இரு கையேடுகளும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. ஆனால் டிஎஸ்எம் அதோடு விடாது. அதற்கு முன்னும் பின்னும் தெரியும் லேசான அறிகுறிகளையும் சேர்த்து மொத்தம் 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். வேலை, உறவு, தன்னைப் பராமரித்துக்கொள்வது ஆகியவற்றில் சரிவும் தெரிய வேண்டும். ஐசிடி-11க்கு அந்த ஒரு மாதம் போதும், சரிவு கட்டாயமில்லை. ஆக, மூன்றாவது மாதத்தில் மருத்துவரிடம் வரும் ஒருவருக்கு ஐசிடியின்படி மனச்சிதைவு. டிஎஸ்எம் அவருக்கு ‘மனச்சிதைவை ஒத்த கோளாறு’ என்ற தற்காலிகப் பெயரைத்தான் தரும். மருந்து ஒன்றாகவே இருக்கலாம். குடும்பத்தின் காதில் விழும் சொல் வேறு.

துயரத்திலும் இதே கதைதான். நெருங்கியவரை இழந்த துக்கம் வாழ்க்கையை முடக்கிப் போட்டால் அதை நோயாகக் கருத ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் கேட்கிறது. டிஎஸ்எம் பெரியவர்களுக்கு 12 மாதம். அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய துக்கமா என்று பார்க்கும்படி இரண்டும் சொல்கின்றன. ஓராண்டு முழுக்கத் துக்கம் காப்பது இயல்பாக இருக்கும் ஊரில் காலக்கெடுவைவிட அந்த வரிதான் முக்கியம். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறில் இடைவெளி இன்னும் பெரிது. டிஎஸ்எம் நான்கு தொகுதிகளில் 20 அறிகுறிகளை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றோ இரண்டோ கேட்கிறது. பெருக்கிப் பார்த்தால் 6,36,120 விதமாக அந்தப் பெயரைப் பெறலாம். ஐசிடி-11 மூன்றே மையக்கூறுகளோடு நிறுத்திக்கொண்டது: நடந்தது இப்போதே மீண்டும் நடப்பதுபோல் அனுபவிப்பது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் தீரவில்லை என்ற விழிப்பு. நீண்டகால வன்முறையில் சிக்கியவர்களிடம் அடிக்கடி காணப்படும் உணர்ச்சிக் கட்டுப்பாடின்மை, தன்னிழிவு, உறவுச் சிக்கல் மூன்றும் கூடச் சேர்ந்தால், அதற்குச் ‘சிக்கலான’ வகை என்று தனிக் குறியீடு தருகிறது. டிஎஸ்எம்மில் அந்தத் தனிப்பெயர் இல்லை. எனவே ஒரே முகாமில் இரு கையேடுகளையும் வைத்துக் கணக்கெடுத்தால் இரண்டு எண்ணிக்கை வரும். ‘நோய் பெருகிவிட்டது’ என்ற செய்தியைப் படிக்கும்போது எந்தக் கையேட்டின் எந்தப் பதிப்பு என்று முதலில் தேட வேண்டும்.

விதி தெளிவாக இருந்தால் மருத்துவர்கள் ஒத்துப்போவார்களா? டிஎஸ்எம்-5 கள ஆய்வில் இருவர் தனித்தனியாக ஒரே நோயாளியைப் பார்த்தார்கள். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை ஓர் எண்ணால் அளந்தார்கள்: 1 என்றால் முழு உடன்பாடு, 0 என்றால் தற்செயல். அதிர்ச்சிக் கோளாறுக்கு 0.67 கிடைத்தது, மனச்சோர்வுக்கு வெறும் 0.28. மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளில் 5 வேண்டும். சோகமோ நாட்டமின்மையோ அதில் கட்டாயம். இதன்படி 227 சேர்க்கைகள் சாத்தியம். ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவருக்குக்கூட ஒரே பெயர் விழும். நம்பிக்கையிழப்பைப் பத்தாவதாகச் சேர்த்த ஐசிடி-11இல் இந்தச் சிக்கல் குறையவில்லை. ஆளுமைக் கோளாறில் மட்டும் ஐசிடி-11 துணிந்து பழைய வகைகளைக் கைவிட்டு லேசானது, மிதமானது, கடுமையானது என்று தரம்பிரிக்கிறது. சரியான திசை என்றே தோன்றுகிறது. டிஎஸ்எம் இன்னும் பத்துப் பெயர்களை வைத்திருக்கிறது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஐசிடியின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறது. டிஎஸ்எம்மின் பெயர் அதில் இல்லை. சான்றிதழில் எஃப்20 என்று இருந்தால் அது ஐசிடி-10இன் மனச்சிதைவு. 6ஏ20 என்றால் ஐசிடி-11. அமெரிக்காவிலிருந்து வரும் அறிக்கையில்தான் கவனம் தேவை. அங்கே நோயை முடிவுசெய்வது டிஎஸ்எம் விதிப்படி. ஆனால் எழுதும் குறியீடு ஐசிடி-10இன் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்தது. ஒரே எஃப்20க்குப் பின்னால் அங்கே 6 மாதமும் இங்கே ஒரு மாதமும் இருக்கலாம். ஆகவே மருத்துவரை மாற்றும்போது குறியீட்டோடு, அறிகுறிகள் தொடங்கிய தேதியையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.