போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு?

காவலர் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும், வட சென்னையின் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பையன்கள் என் கிளினிக்குக்கு உயரம் அளக்க வந்துவிடுவார்கள். நான் குழந்தைகள் மருத்துவர். சின்ன வயதில் சளிக்கும் பேதிக்கும் இங்கே வந்தவர்கள், அந்த உரிமையில் வருகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலராக ஆண்கள் 170 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஒரு சென்டிமீட்டர் குறைந்து நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன், "கம்பியில தொங்குனா ஏறுமா டாக்டர்?" என்று கேட்பான். ஏறாது. எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எந்த மருந்தாலும் உயரம் கூடாது. மூன்று வயதில் தொடங்க வேண்டிய உயரத்தைப் பற்றிய பேச்சு நம் பகுதியில் பத்தொன்பதில்தான் தொடங்குகிறது.

ஊருக்கு ஊர் உயரம் மாறும் என்பதை ராணுவமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஜெனரல் டியூட்டி சிப்பாய்க்கு பஞ்சாப், ஹரியானா பக்கம் 170 சென்டிமீட்டர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 166, கிழக்கு இமயமலைப் பகுதியில் 160. இதைக் கேட்டதும், "வடக்க இருக்கறவங்க உடம்புவாகு அப்படி, நம்ம வாகு இப்படி" என்று முடித்துவிடுகிறார்கள். இதில் உண்மை கொஞ்சம்தான்.

200 நாடுகளில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் உயரத்தை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2020-இல் லான்செட் இதழில் வந்தது. பத்தொன்பது வயதில் நெதர்லாந்துப் பையனின் சராசரி 183.8 சென்டிமீட்டர், கிழக்குத் திமோரில் 160.1. இந்தியாவில் பையன்கள் சுமார் 166, பெண்கள் 155. இத்தனை இடைவெளியும் பிறவியிலேயே வருவதா? உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால், நல்ல உணவு, சுகாதாரமான வீடு எல்லாம் வாய்த்த குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் அந்த அளவெடுப்பு தெற்கு டெல்லியில் நடந்தது. ஐந்து வயது வரை அவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள்; நீளத்தில் தெரிந்த வேறுபாட்டில் ஊரால் வந்தது சுமார் 3 சதவீதம்தான். தென்கொரியப் பெண்கள் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறார்கள். நூறு வருஷத்தில் மரபணு மாறிவிடாது. சோறும் தண்ணீரும் மருத்துவமும் மாறின.

உடல்வாகு என்கிறோமே, அதிலும் இந்தக் கதை இருக்கிறது. கிழக்கு ஆசியர்களுக்கு இடுப்புக்கு மேலே உடம்பு நீளம், கால் சற்றுக் குட்டை. தெற்கு சூடானின் டிங்கா மக்களுக்குக் கால்கள் மிக நீளம். மரபுக்கும் தட்பவெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானில் 1957 முதல் 1977 வரை இளைஞர்கள் உயர்ந்தபோது, அந்த உயர்வு கிட்டத்தட்ட முழுக்கக் காலில்தான் வந்தது. குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மாயா இனக் குழந்தைகள், சொந்த ஊரில் வளர்ந்தவர்களைவிட சுமார் 11 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். அதிலும் பாதிக்கு மேல் காலில். சின்ன வயதில் வேகமாக நீள்வது கால். அந்தச் சமயத்தில் சத்துக் குறைந்தால் முதலில் அடிபடுவதும் கால்தான். அதனால் ஒரு பிள்ளையை நிற்க வைத்து அளப்பதோடு நான் விடுவதில்லை, கால் எவ்வளவு என்று தெரிய ஸ்டூலில் உட்கார வைத்தும் அளக்கிறேன்.

நம் பகுதிக்கு வருவோம். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் பீகாரில் 42.9 சதவீதம், தமிழ்நாட்டில் 25. பீகாரைவிடப் பரவாயில்லை என்று நான் திருப்திப்பட மாட்டேன். நாலில் ஒரு குழந்தை என்பது என் வெளிநோயாளி வரிசையில் கண்ணெதிரே தெரிகிற கணக்கு. மழைக்காலத்தில் குடிநீரோடு சாக்கடை கலக்கிற தெருக்களில் பேதி விட்டு விட்டு வரும். வயிறு தேறுவதற்குள் அடுத்த பேதி. குடலின் உள்தோல் கெட்டுப்போனால் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ரசம் சோறும் டீயில் நனைத்த பொறையும் போதாது. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. நெத்திலி, கானாங்கெளுத்தி வாங்கி முள் எடுத்து மசித்துக் கொடுங்கள். முட்டை கொடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். முதல் இரண்டு வயது வரை இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு பார்க்க வேண்டியது வேகம். முதல் வருஷம் சுமார் 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் 10 முதல் 12, நாலு வயதுக்குப் பிறகு பருவமடையும் வரை வருஷத்துக்கு 5 அல்லது 6. அந்த வயதில் வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் ஆயா கூட்டி வந்தார். "இரண்டு வருஷமா யூனிஃபார்ம் பாவாடையோட மடிப்பைப் பிரிக்கவே வேலை வரல டாக்டர், அவங்க அம்மாவும் குள்ளம்தான்" என்றார். தோல் வறண்டிருந்தது, மலச்சிக்கல், வகுப்பில் தூக்கம். தைராய்டு சுரப்பு மிகக் குறைவு. மாத்திரை தொடங்கிய பிறகு பாவாடையை இறக்கித் தைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆயாவுக்கு என்ன நோய் என்று தெரியாது, ஆனால் பாவாடை மடிப்பைக் கவனித்தார். அது போதும்.

பெற்றோர் உயரத்தைக் கூட்டி இரண்டால் வகுத்து, பையனுக்கு 6.5 கூட்டி, பெண்ணுக்கு 6.5 கழித்து, பிள்ளை வளர்ந்தபின் எவ்வளவு உயரம் வரும் என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அப்பா 164, அம்மா 150 என்றால் பையனுக்கு 163.5; அதிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த அப்பாவே அரைவயிற்றுக்குச் சாப்பிட்டு வளர்ந்தவராக இருந்தால் அவருடைய உயரமே அவருக்கு வந்திருக்க வேண்டிய உயரம் அல்ல. ஆகவே "பரம்பரை" என்று சொல்லி யாரும் பேச்சை முடித்துவிடாதீர்கள்.

வீட்டில் அளப்பது எளிது. செருப்பு, கொண்டை கூடாது. குதிகால், பின்புறம், முதுகு சுவரில் பட நிற்கட்டும். பார்வை நேராக இருக்கட்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு அழுத்திக் கோடு போடுங்கள். மாலையில் முதுகெலும்பு அழுந்தி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும், எனவே எப்போதும் ஒரே நேரத்தில் அளங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வாடகை வீடாக இருந்தால் நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.

உயரம் கூட்டும் பவுடருக்காக மாதச் சம்பளத்தில் கால்வாசியைக் கொடுத்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்மையான மருந்து. ஆனால் அது குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும், அதுவும் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன்னால்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அவசரம் அதிகம். வயசுக்கு வந்த பிறகு பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் மிச்சம். "சடங்கு முடியட்டும், பிறகு காட்டலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெண்ணைப் பத்து வயதுக்குள், பையனைப் பன்னிரண்டுக்குள் காட்டுங்கள். வரும்போது அந்த நோட்டையும் தாய் சேய் அட்டையையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் அப்பாவும் கூட வரட்டும், அவரையும் அளக்க வேண்டும்.