கரைக்கு வந்தும் அடங்காத படபடப்பு

"ஈசிஜி எடுத்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்ங்கிறாங்க. நெஞ்சு மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு டாக்டர்." பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வருபவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குள் மந்திரித்துக் கயிறும் கட்டியாகியிருக்கும். அதை நான் அவிழ்க்கச் சொல்வதில்லை.

பலரிடம் கண்டதை ஒருவராக்கிச் சொல்கிறேன். விசைப்படகில் போனவர். நடுக்கடலில் இரவில் படகு மூழ்கி, கூடப் போனவர் திரும்பவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிட உட்காருவார். தெருமுனையில் திரும்பும் பைக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே சுவரில் ஓடினால், கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழும். ராத்திரி மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளை டம்ளரைக் கீழே போட்டால் அடிக்கப் பாய்வார், பிறகு தானே அழுவார். ஊரில் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர்.

கோபமல்ல, பயந்த சுபாவமும் அல்ல. மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி, அன்றைய வெளிச்சத்தையும் சத்தத்தையும் டீசல் நாற்றத்தையும் ஆபத்தோடு சேர்த்து முடிந்துவைத்திருக்கிறது. 'இது பைக்தான்' என்று யோசித்து முடிப்பதற்குள் அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிவிடும். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலும் இதே கதைதான். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களில், உச்சிப்புளியிலுள்ள கடற்படையின் பருந்து விமானத் தளத்து ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுபவர்கள் உண்டு. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, கெட்ட கனவும் பழைய காட்சிகளும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அதைப் பி.டி.எஸ்.டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு என்கிறோம்.

"ஒண்ணும் நடக்காதுண்ணே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு அதே கடலுக்குத்தான் போகப்போகிறார். பாடப்புத்தகத்தில் ஆபத்து பழங்கதை. இங்கே அது தொழிலின் பாதி. ஆகவே விழிப்பை அடியோடு எடுத்துவிட நாங்கள் முயல்வதில்லை. கடலில் வேண்டியது கடலில் இருக்கட்டும். வீட்டில் அதற்கு என்ன வேலை?

ஒவ்வொரு முறை தாழ்ப்பாளைத் தொடும்போதும், 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் மூன்றை இரண்டாக்குவோம், பிறகு ஒன்றாக்குவோம். எழாமல் படுத்திருந்தால் படபடப்பு ஏறும். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். அந்த இறக்கத்தை அவர் அனுபவித்துப் பார்க்க வேண்டும், நான் சொல்லிப் புரியாது. வெளிச்சம் ஓடியதும், "இது என் வீடு, அது பக்கத்து வீட்டுப் பையன் வண்டி" என்று வாய்விட்டுச் சொல்லி, மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்வோம். நடந்ததைப் பயிற்சி பெற்றவரிடம் படிப்படியாகப் பேசித் தீர்க்கும் சிகிச்சை இதற்கெல்லாம் அடிப்படை.

"நான் என்ன செய்யணும்?" என்று வீட்டம்மா கேட்பார். பின்னாலிருந்து தொடாதீர்கள். தூங்குபவரை உலுக்காமல் தள்ளி நின்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லக் கூச்சமென்றால் "ஏங்க" போதும். அவருக்குப் பதிலாக நீங்கள் போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வராதீர்கள். இதுதான் பலருக்கும் கஷ்டம்.

செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். போதைப் பழக்கம் ஆகாது; ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் குவார்ட்டரும் அன்றிரவைத் தள்ளிவிடும், நோயை அப்படியே வைத்திருக்கும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15-ல் தொடங்கும் தடைக்காலம் சிகிச்சைக்குத் தோதானது, வாராவாரம் வர முடியும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.