மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஏன் 'மிஸ்' ஆகிறது?

மதுரையிலிருந்து சேலம் வரை முனகல்கூட இல்லாமல் வந்த பெட்ரோல் கார், தொப்பூர் கணவாயில் தருமபுரி பக்கம் ஏறத் தொடங்கியதும் விட்டுவிட்டு உதறுகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. டேஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. ஓரங்கட்டி நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஓரளவு ஒழுங்காகவே ஓடுகிறது. 'பெட்ரோலில் ஏதோ கசடு, போகப் போகச் சரியாகிவிடும்' என்று பலரும் மறுபடி மிதிப்பது இந்த இடத்தில்தான். தயவுசெய்து மிதிக்காதீர்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றியெரிய வேண்டும். பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்தான். அதைத் தாண்டிப் பொறி பாய, இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட் கொடுக்க வேண்டும்.

எத்தனை ஆயிரம் என்பதை முடிவு செய்வது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம். வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் கூடினால், பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889இல் விதியாகவே வகுத்தார். நியூட்ரலில், எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றுதான் போகிறது. பழுதான காயில்கூட அங்கே சமாளித்துவிடும். மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து நெருக்கப்படுகிறது. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், உள்ளே விரிசல் கண்ட காயில், பிளக் குழிக்குள் கசிந்த ஆயில், வாட்டர் வாஷ் செய்தபோது தேங்கிய தண்ணீர் என எந்தக் குறை இருந்தாலும் அது அப்போது வெளிப்பட்டுவிடும். கலவை பற்றாமலே வெளியேறும். அதுதான் மிஸ்ஃபயர்.

இதை வண்டி கண்டுபிடிக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்க அதற்குக் கண் இல்லை. எஞ்சின் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. பல வண்டிகளில் அந்தச் சக்கரம் 60 பல்லுக்கு அளவெடுத்து, இரண்டை மட்டும் விட்டுவிட்டுச் செய்யப்பட்டது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு பல் கடக்க ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரம். ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அதன் முறையில் கிராங்க் துளியளவு வேகம் குறையும். அந்தத் தாமதத்தை வைத்தே, தவறியது எந்தச் சிலிண்டர் என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. குறித்துக்கொள்கிறது. குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் அதிர்ந்தாலும் கிராங்க் இப்படித் தடுமாறும். அதனால் சாலை மோசமா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வண்டிகள் உண்டு.

லைட் எரிந்தபடி நிற்பதற்கும் மின்னுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மின்னினால், புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். இதற்கான கணக்கை இ.சி.யூ. 200 சுற்றுக்கு ஒருமுறை போடுகிறது, 3000 ஆர்.பி.எம்.மில் அது வெறும் 4 நொடி. சிலிண்டரில் எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும் சைலன்சர் குழாய் வழியே கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகின்றன. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் கூடு அது. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்வது, 1000 டிகிரியைத் தாண்டினால் பூச்சு செத்துவிடும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகி, புகை போகும் வழியை அடைத்துவிடும். பிளக்கின் விலையையும் கன்வெர்ட்டரின் விலையையும் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆகவே லைட் மின்னினால் உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, ஹசார்ட் லைட்டைப் போட்டு, வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்த வேண்டாம். அடியில் கன்வெர்ட்டர் நெருப்பாய்க் கொதிக்கிறது, புல் பற்றிக்கொள்ளும். ஒதுங்க இடமே இல்லாத கணவாயில் சிறிது தூரம் நகர்ந்தே ஆகவேண்டும் என்றால், நான்காவது கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல் இரண்டாவதுக்கு மாற்றி, லேசாக மிதித்து ஏறுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் பொறி தவறுவதும் குறையும்.

மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால், அவசரப்படாமல் பக்கத்து மெக்கானிக்கிடம் போகலாம். பங்கில் பெட்ரோல் போட்ட சிறிது நேரத்தில் தொடங்கியதென்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.

அவர் ஸ்கேனரைச் செருகும்போது பழுதைச் சொல்லும் குறியீடு பி0302 என்று வந்தால், தவறுவது இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் இன்ன சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி இங்கும் அங்கும் தவறுகிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியாக இருந்தால், புதுசு வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302வே வந்தால் காயிலை விட்டுவிட்டு, பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் கம்ப்ரெஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம்.