நாலு மணிக்கு டின்னைத் திறக்கும் முன்

சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஒரு சத்தம் கேட்கும், பலகார டின்னின் மூடியை நெம்பித் திறக்கிற சத்தம். உள்ளே தேன்குழலோ கைமுறுக்கோ சீப்புச் சீடையோ இருக்கும். யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் செய்து அனுப்பியது, இல்லையென்றால் கடையில் கிலோவாக வாங்கி நிரப்பியது. கூடவே ஒரு டீ. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் உணவு ஆலோசனை சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களைச் சாப்பிட்டதையெல்லாம் ஒரு வாரம் நோட்டில் எழுதி வரச் சொல்வேன். காலையும் மதியமும் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும், இரவுகூடப் பரவாயில்லை, ஆட்டம் கலைகிற இடம் இந்த நாலு மணிதான். அதிலும் பாதிப் பேர் அதை எழுதவே மாட்டார்கள். கேட்டால், "அது சும்மா ரெண்டு வாயில போட்டதுதானேம்மா" என்பார்கள்.

அந்த நேரத்துப் பசி பொய்ப் பசி இல்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு இரவுச் சாப்பாடு எட்டரைக்கு என்றால் நடுவே ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. செட்டிநாட்டில் இந்த வேளைக்கென்றே இடைப்பலகாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதனால் 'இடையில் ஒன்றும் சாப்பிடாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவது நடக்காத காரியம். சாப்பிடட்டும், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அரிசி மாவும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு சர்க்கரையை ஏற்றிவிட்டு, ஆறரைக்கெல்லாம் மறுபடி பசியையும் கொண்டுவந்து நிறுத்தும். அதே இடத்தில் புரதம் இருந்தால் வயிறு இரவு வரை தாங்கும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வெளியிட்ட அளவுப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ இருந்தால் ஒரு நாளைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு இட்லியில் 2 கிராம், காலையில் நாலு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். மதியம் சோறு, குழம்பு, ஒரு பொரியல், கொஞ்சம் மோர். இரவு மூன்று தோசையோ இடியப்பமோ. இரண்டு டீயில் இருக்கிற பாலையும் விடாமல் சேர்த்தாலும் 35, 40க்கு மேல் போவதில்லை. நான் பார்க்கிற நோட்டுகளில் பெரும்பாலும் 10லிருந்து 15 கிராம் வரை துண்டு விழுகிறது, அந்தத் துண்டை அடைக்க இடைப்பலகார வேளையை விட நல்ல நேரம் கிடையாது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், படித்த இடத்தில் கொடுத்த அட்டவணையை அப்படியே அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். ஓட்ஸ், கிரீக் யோகர்ட், பத்து பாதாம், சியா விதை. எடையைக் குறைக்கத் தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு ஆச்சி அந்தத் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்க வீட்டு அடுப்படிக்கு வழி தெரியாதும்மா" என்றார். அடுத்த மாதம் எடை ஒரு கிலோ கூடி வந்து நின்றார். அன்றைக்கு அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டவள்தான்.

அதே ஆச்சிதான் மாவுருண்டைக் கணக்கையும் எனக்கு எடுத்துக் கொடுத்தவர். "பாசிப்பருப்புதானேம்மா, புரதம்தானே, தினம் ரெண்டு சாப்பிடுறேன்" என்றார். பருப்பு என்றால் புரதம் என்கிற வரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனால் 30 கிராம் எடையுள்ள ஒரு உருண்டையில் வறுத்து அரைத்த பருப்பு மாவு பாதிகூட இருக்காது, மிச்சமெல்லாம் சீனியும் நெய்யும். புரதம் சுமார் 3 கிராம், கலோரி 140க்கு மேல். 12 கிராம் புரதம் வேண்டுமென்றால் நாலு உருண்டை, அதாவது கிட்டத்தட்ட 600 கலோரி. கும்மாயமும் இதே கதைதான். உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் அரிசியும் வறுத்து அரைத்துச் செய்கிற அருமையான பண்டம், பருப்பில் குறைகிற அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டும், அந்தச் சேர்மானத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் மேலே ஊற்றுகிற நெய்யும் கருப்பட்டியும் நாம் எடை குறைக்கப் பார்க்கிறோம் என்பதற்காகக் கரிசனம் காட்டப்போவதில்லை. ஆடி மாதத்தில் ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள், அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள்.

சரி, அப்படியானால் எதைச் சாப்பிடுவது?

நான் முதலில் சொல்வது பருப்பு உருண்டை, குழம்பில் போடுகிறோமே அதே உருண்டை. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, சோம்பு, வரமிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் பிசைந்து இட்லிச் சட்டியில் வேகவைப்பதுதான். வாரத்தில் ஒருநாள் எப்படியும் உருண்டைக் குழம்பு வைக்கிற வீடுகள் இங்கே நிறைய, அன்றைக்கு ஒரு மடங்கு கூடுதலாக அரைத்து, வெந்த உருண்டைகளைக் குழம்பில் போடாமல் தனியே ஆறவைத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாக வரும். நாலு மணிக்கு எடுத்து ஐந்து நிமிஷம் ஆவி காட்டினால் போதும். எலுமிச்சை அளவில் நாலு உருண்டை, ஒன்றில் பருப்பு 12லிருந்து 15 கிராம், ஆக மொத்தம் 12 கிராம் புரதம், 200 கலோரியை ஒட்டி. எண்ணெயே இல்லை. தொட்டுக்கொள்ள ஒரு துவையல் இருந்தால் நல்லது, ஆனால் தேங்காயைக் கையில் அள்ளிப் போட்டு அரைக்கிற துவையல் வேண்டாம். இதை வடையாகத் தட்டிப் பொரித்தால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்காமல் போனதில்லை. பொரிக்கலாம், அப்புறம் கணக்கே வேறு.

அரைக்க நேரமில்லாதவர்களுக்குப் பொட்டுக்கடலை. குருமாவுக்கும் சட்னிக்கும் வாங்கி வைத்திருப்பீர்கள், சில வீடுகளில் பொரிகடலை என்பார்கள். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில், 6 கிராமுக்கு மேல் புரதம், 110 கலோரி. வெறுமனே மெல்வது சலிப்பாக இருந்தால் பொடித்து வைத்துக்கொண்டு, 150 கிராம் தயிரை லேசாகத் தண்ணீர் விட்டுக் கடைந்து, இரண்டு மேசைக்கரண்டி பொடி, இஞ்சி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் குடியுங்கள். இரண்டு நிமிஷ வேலை, 10 கிராம் பக்கம் வந்துவிடும். ஒன்று கவனியுங்கள், தயிர் என்றுதான் சொன்னேன். வெயிலுக்குக் குடிக்கிற நீர்மோரில் தண்ணீர்தான் அதிகம், அதைக் குடித்துவிட்டுப் புரதம் சேர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

நிலக்கடலை பற்றிக் கேட்பார்கள். புரதம் நிறைய, நூற்றுக்கு 25 கிராம், ஆனால் கொழுப்பு அதைவிட இரண்டு மடங்கு கிட்ட. வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து டிவி முன்னால் உட்கார்ந்தால் பொட்டலம் காலியாகும்வரை கை நிற்காது, நானும் அப்படித்தான். தோலோடு அவித்த கடலை என்றால் உரித்துச் சாப்பிட நேரம் எடுக்கும், வேகம் தானாகக் குறையும். அதனால் அவித்ததுக்குத்தான் என் ஓட்டு.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் புரதம், 150 கலோரி, மேலே மிளகும் துளி உப்பும். இருதயப் பிரச்சினை இருப்பவர்களும் கொழுப்புக்கு மாத்திரை எடுப்பவர்களும் மஞ்சள் கருவை வாரத்துக்கு எத்தனை என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும், வெள்ளைக் கருவுக்கு அந்தக் கவலை இல்லை. கறி சமைக்கிற வீடுகளில் மதியக் கோழி மிளகு வறுவலில் எலும்பில்லாத இரண்டு மூன்று துண்டு எடுத்து வைத்துச் சாயங்காலம் சூடு பண்ணிக்கொள்ளலாம், கிரேவியை விட்டுவிட்டு. 50 கிராம் வெந்த நெஞ்சுக்கறியிலேயே 15 கிராம் வந்துவிடும். உப்புக்கண்டத்தில் புரதம் இல்லையா என்று ஒரு அண்ணன் கேட்டார். இருக்கிறது, காய்ந்த கறி என்பதால் எடைக்கு எடை கூடுதலாகவே இருக்கிறது. உப்பும் அதே கூடுதலாக இருக்கிறது, அதை எண்ணெயில் வேறு பொரிக்கிறோம். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதைக் கடிப்பது நியாயமில்லை. கருவாட்டுக்கும் இதே பதில்தான்.

மீல் மேக்கரை ஏன் இவ்வளவு ஓரமாக வைத்திருக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. காய்ந்த எடையில் நூற்றுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம், எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வதால் கொழுப்பு மிகக் குறைவு. 25 கிராமை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு, நன்றாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு (அந்தப் பச்சை வாசனைதான் பலருக்குப் பிடிப்பதில்லை), ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டுப் புரட்டினால் 13 கிராம் தட்டில் இருக்கும். செட்டிநாட்டு மசாலா எதைத் தேற்றாது!

முழுப் பாசிப்பயறைக் காலையில் ஊறப்போட்டுச் சாயங்காலம் அரைத்துத் தோசையாக ஊற்றலாம், புளிக்க வேண்டியதில்லை. சுண்டலும் நல்லதுதான், ஆனால் கோயிலில் தொன்னையில் தருகிற அளவு அல்ல, வெந்தது ஒரு முழுக் கப், அப்போதுதான் கணக்குக்கு ஆகும். வாயு என்று பயப்படுகிறவர்கள் ஒரே நாளில் ஒரு கப்புக்குப் போகாமல் இரண்டு கரண்டியில் ஆரம்பித்து, நன்றாக ஊறவைத்து, பெருங்காயம் சேர்த்து வேகவைத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் வயிறு பழகிக்கொள்ளும்.

புரதப் பொடி டின்னைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, வாரத்துக்கு ஒரு டின்னாவது என் மேஜைக்கு வந்துவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பினான், மலேசியாவிலிருந்து மருமகள் கொண்டுவந்தாள், குடிக்கலாமா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காக இந்தப் பொடிகளை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. சாப்பிடவே முடியாத நோயாளிக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு. பல் இருந்து, பசி இருந்து, அடுக்களையில் பருப்பும் இருக்கிறவருக்கு அது தேவையில்லை என்றுதான் சொல்வேன். இன்னொன்று, 'புரத பிஸ்கட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்றால் அது பிஸ்கட்தான், பெயர் என்னவாக இருந்தாலும்.

இதுவரை சொன்னது எதையும் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியவர்கள், சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லப்பட்டவர்கள் தாங்களாகச் செய்யக் கூடாது. இந்தப் பக்கத்தில் நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்கள் அதிகம், அதில் சிலருக்கு அது சிறுநீரகத்தை ஏற்கெனவே தொட்டிருக்கும், அவர்களுக்கே தெரியாது. புரதத்தைக் கூட்டும் முன் ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் சோதித்துவிடுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அளவு முற்றிலும் வேறு, அவர்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் நெத்திலியையும் ஆட்டுக்கறியையும் அடக்கி வாசிக்க வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி இப்போது பருப்பு உருண்டையில்தான் இருக்கிறார், ஏழு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறார், நடையும் சேர்த்துத்தான். போன தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம், நாலு நாள் தங்கல், இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இலையில் விழுகிற இடம். இரண்டாம் நாள் போன் பண்ணினார். "ஒரு பணியாரம்தான்மா சாப்பிட்டேன், சொன்னா நம்பு. வெத்திலைப் பையில பொட்டுக்கடலை கொண்டாந்தேன், நம்ம பங்காளி வீட்டு ஆளுக எல்லாம் சேந்து அதைத் தின்னு தீத்துட்டாக. கடை எங்கனு விசாரிச்சுட்டு இருக்கேன்" என்றார்.