ரோமா மக்களை ‘நாடோடிகள்’ என்று எழுதுகிறவர்களுக்கு

ஆகஸ்ட் 2 வந்தால் போதும், ‘நாஜிகள் கொன்ற நாடோடிகளுக்கு அஞ்சலி’ என்று தமிழில் எங்காவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. அதில் சொல்லப்படுகிறவர்கள் ரோமா, பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன இனத்தார். சின்டி என்பவர்கள் அவர்களில் ஜெர்மன் பேசும் பகுதிகளில் வாழும் ஒரு பிரிவினர். 1944இல் அந்த இரவில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதை முகாமில் மிச்சமிருந்த ரோமா, சின்டி மக்கள் ஏறத்தாழ 4,300 பேரை நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015இல் அதை நினைவு நாளாக ஏற்றது. ஆக, தேதி சரி, பெயர்தான் தப்பு.

‘ரோம்’ என்றால் அவர்கள் மொழியில் ஆண், கணவன், பன்மை ‘ரோமா’. வடஇந்திய ‘டோம்’ என்ற சாதிப் பெயரோடு உறவுள்ளது என்பார்கள். ரோம் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘ரோமானியர்’ என்று எழுதினால் ஜூலியஸ் சீசர் வந்து நிற்பார். ‘ஜிப்சி’, இவர்கள் எகிப்தியர் என்ற தவறான நம்பிக்கையில் பிறந்தது.

நல்ல தமிழ்ச்சொல் இருக்க இறக்குமதி எதற்கு என்று கேட்கிறார்கள். நாடோடி நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பிழைக்கும் முறையைச் சொல்வது, ஓர் இனத்துக்கு எப்படிப் பெயராகும்? ஆஸ்திரியாவின் பர்கன்லாந்து ரோமாக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் குடியிருந்தவர்கள். குத்துச்சண்டை வீரர் யோஹான் ட்ரோல்மன் ஹனோவரில் வளர்ந்த சின்டி. 1933இல் ஜெர்மனியின் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். சில நாளில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1944இல் முகாமில் கொன்றார்கள். இவர் எந்த நாட்டில் ஓடினார்?

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956இல் ஒரு தீர்ப்பு சொன்னது. 1943க்கு முன் ரோமா, சின்டி மக்கள் மேல் நாஜிகள் எடுத்த நடவடிக்கைகளுக்கு இனம் காரணமில்லையாம். இவர்களுடைய சமூகவிரோதப் போக்கும் அலையும் புத்தியும்தான் காரணமாம். நாஜி காவல்துறைத் தலைவர் ஹிம்லர் 1938 டிசம்பர் ஆணையிலேயே ‘இனத்தின் இயல்பு’ என்று பச்சையாக எழுதியிருந்தும்! இழப்பீடு கேட்டவர்களை விரட்ட இது வசதியாக இருந்தது. இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று. யூதப் படுகொலையை மறுக்கிறவன் 60 லட்சம் என்ற கணக்கோடும் நச்சுவாயு அறைகளின் சான்றுகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ரோமா விஷயத்தில் அந்தச் சிரமமே இல்லை, செத்தவர்களை நாடோடி என்றால் வேலை முடிந்தது. அஞ்சலிக் குறிப்பிலும் அதே சொல்லா?

அந்தப் படுகொலையை ரோமாக்களில் சிலர் ‘பொராய்மோஸ்’ என்கிறார்கள், விழுங்குதல் என்று பொருள். சில கிளைமொழிகளில் அது ஆபாசமாகத் தொனிக்கும் என்பதால் வேறு சிலர் ‘சமுதாரிப்பென்’, அதாவது எல்லோரையும் கொல்லுதல், என்கிறார்கள். தமிழில் ‘ரோமா, சின்டி இனப்படுகொலை’ போதும். சின்டியில் ‘ட’ முக்கியம். ‘சிந்தி’ என்றால் சிந்து மாகாணத்தார் ஆகிவிடுவார்கள். அப்புறம், தமிழ் மணம் கமழட்டும் என்று ‘நரிக்குறவர்’ போடுகிற மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். பெர்லினில் நரிக்குறவர் எப்படி வந்தார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பேனா அங்கேயே நின்றிருக்கும்.